பெருநாள் காசும் இரகசிய எண்ணும்

மட்டக்களப்பில் பெருநாள் காலம் ஒரு மாதத்தோடு முடிவதில்லை. நத்தார் முடியத் தைப்பொங்கல் வரும், மூன்று மாதத்தில் சித்திரைப் புத்தாண்டு. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் பிறைக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்தள்ளிக்கொண்டே போவதால் எந்தப் பருவத்திலும் வந்து சேரலாம். வாவியின் இரு கரையிலும் கடைத்தெருக்கள் அந்தந்த நாளுக்கு நிரம்பும். காத்தான்குடியின் துணிக்கடைகளும், ஏறாவூர், வாழைச்சேனைச் சந்தைகளும், களுவாஞ்சிக்குடி பஸ் நிலையத்தைச் சுற்றிய கடைகளும் அப்போது இரவு வெகுநேரம் திறந்திருக்கும்.

அங்கே புழங்கும் காசில் ஒரு பங்கு வெளியிலிருந்து வருவது. கட்டாரில் வேலை பார்க்கும் மகன், ரொறன்ரோவில் குடியேறிய தங்கச்சி, கொழும்பில் கடை வைத்திருக்கும் காக்கா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் தூரத்தில் இருக்கிறார். முன்பு ஊருக்கு வருகிற யாரிடமாவது கடித உறையில் காசு கொடுத்துவிடுவார்கள். இப்போது உம்மாவின் போனுக்கு ரீலோட் விழுகிறது. போன் வழியாகக் காசு அனுப்பும் ஈஸி காஷ் சேவையில் காசு வருகிறது. சூப்பர்மார்க்கெட் வவுச்சர் ஒன்று குறுஞ்செய்தியாக வருகிறது. கனடாவில் படிக்கும் மருமகனுக்கு இங்கிருந்து யாராவது இணையத்தில் ஒரு கிஃப்ட் கார்ட் வாங்கி அதன் எண்ணை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றில் கைமாறுவது ஓர் எண்தான். அந்த எண் எப்படிக் காசாகிறது, அதை மற்றவன் எப்படிக் கொண்டுபோகிறான் என்பது தெரிந்திருந்தால் எங்கள் வீடுகளில் பல பெருநாட்கள் கண்ணீரில்லாமல் கழிந்திருக்கும்.

கிஃப்ட் கார்டுக்கு வயது அதிகமில்லை. கடைகள் தாள் வவுச்சர் விற்பது பழைய வழக்கம். காந்தப்பட்டி வைத்த பிளாஸ்டிக் கார்டை அமெரிக்காவின் நெய்மன் மார்க்கஸ் கடைகள் 1994இல் விற்கத் தொடங்கின. வீடியோ வாடகைக் கடையான பிளொக்பஸ்டர் அதைக் கடைத் தட்டில் எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிட்டது. சுரண்டினால் எண் தெரியும் தொழில்நுட்பம் அதற்கு 20 ஆண்டு மூத்தது. 1974இல் மசசூசெட்ஸ் மாநில லொத்தர்ச் சீட்டில்தான் அது முதலில் வந்தது. கணினி வல்லுநர் ஜோன் கோசாவும் விற்பனைத் துறையைச் சேர்ந்த டானியல் பவரும் அதை உருவாக்கினார்கள். பின்னால் கையடக்கத் தொலைபேசி இலங்கையில் பரவியபோது அதே சுரண்டு கார்ட் ரீலோட் கார்டாக எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைகளின் நூலில் தொங்கியது. நாணயத்தால் சுரண்டி, எண்ணைப் போனில் அழுத்திக் காசு ஏறியதைக் கேட்கும் பழக்கம் இந்தத் தலைமுறைக்கு நன்றாக நினைவிருக்கும்.

அந்தக் கார்டுக்குள் காசு இல்லை. கம்பனியின் கணினியில் ஒரு பேரேடு இருக்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் அதில் ஒரு வரி உண்டு. எண் எது, பெறுமதி எவ்வளவு, நிலை என்ன என்பது அந்த வரியில் எழுதியிருக்கும். அச்சாகி இன்னும் விற்கப்படாதது ஒரு நிலை, விற்று உயிர்பெற்றது ஒரு நிலை, செலவாகிவிட்டது ஒரு நிலை. வங்கிக் கணக்கோடு இதை ஒப்பிட்டால் ஒன்று குறைகிறது: பெயர். இந்தக் காசு யாருடையது என்று பேரேட்டில் எழுதியில்லை. எண்ணை முதலில் கொண்டுவருகிறவர் யாரோ அவருடையது. இரண்டாவதாக வருகிறவர் கார்டைக் கையில் வைத்திருந்தாலும், பணம் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டினாலும், கணினி அவருக்கு ‘செலவாகிவிட்டது’ என்றே பதில் சொல்லும். கடன் அட்டையில் தவறாகக் கழிந்த பணத்தை வங்கியிடம் முறையிட்டுத் திருப்ப வழி இருக்கிறது. வங்கிக்கு வங்கி போன பணத்துக்கு இரு முனையிலும் பெயர் இருக்கிறது. கிஃப்ட் கார்ட், ரீலோட் எண் இரண்டிலும் அந்தப் பெயர் இல்லாததுதான் திருடனுக்கு வேண்டியது. மற்ற எல்லாத் தந்திரமும் இதிலிருந்து கிளைத்தவை.

எனவே இதன் பாதுகாப்பு முழுவதும் ஒரே இடத்தில் நிற்கிறது: வாங்கியவரைத் தவிர வேறு யாருக்கும் எண் தெரியக்கூடாது. அதை இரண்டு வழியில் காப்பாற்றுகிறார்கள். ஒன்று வேதியியல், மற்றது கணிதம்.

சுரண்டு கார்டில் எண் அச்சான பரப்பின்மேல் நிறமில்லாத வார்னிஷ் ஒரு படையாகப் பூசப்படும். புற ஊதா ஒளி பட்டதும் அது வழுவழுப்பாக இறுகிவிடும். அதன்மேல் ரப்பர்த் தன்மையுள்ள மை வரும். அதில் அலுமினியத் துகளோ கரித்துகளோ கலந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலும் எண் தெரியாமலிருக்க இந்தத் துகள்கள் வேண்டும். வழுவழுப்பான வார்னிஷோடு மை இறுக ஒட்டாது. நாணயத்தின் விளிம்பு பட்டால் சுருண்டு உதிர்ந்துவிடும், கீழே உள்ள அச்சுக்கு ஒன்றும் ஆகாது. கடைசியாக மையின்மேல் மெல்லிய கோடுகளோ எழுத்தோ அச்சிடுவார்கள். ஒருமுறை சுரண்டியதை மறுபடி மூடினால் அந்தக் கோடுகள் பொருந்தாமல் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக. இந்தப் படை யாரையும் தடுத்து நிறுத்தாது. எண்ணை யாராவது ஏற்கெனவே பார்த்துவிட்டார்களா என்று மட்டும் அது சாட்சி சொல்லும். வாங்குகிறவர் அந்தச் சாட்சியைக் கேட்காமல் அவசரத்தில் சுரண்டிவிட்டால் அதனால் பயனில்லை.

கணிதத்துக்கு வருவோம். ஓர் எண்ணில் 12 இலக்கங்கள் இருந்தால் ஒரு இலட்சம் கோடி வெவ்வேறு எண்கள் உருவாகலாம். அவற்றில் பத்து இலட்சம் எண்கள் மட்டும் உயிரோடிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓர் எண்ணை அழுத்தினால் அது உயிருள்ள எண்ணாக இருக்கும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று. சில முறை பிழைவிட்டால் கணினி பூட்டிக்கொள்ளும் என்றால் இது போதுமான காவல். ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையோடு வருகிறது. 12 இலக்கங்களும் எந்த ஒழுங்கும் இல்லாமல், குலுக்கி எடுத்தவையாக இருக்க வேண்டும்.

பல கார்டுகளில் அப்படி இல்லை என்பதை வில் கபுட் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் 2017இல் வெளியே சொன்னார். உணவகம் ஒன்றில் பணம் ஏற்றாத வெற்றுக் கிஃப்ட் கார்டுகளை எடுத்து அடுக்கிப் பார்த்தார். பெரும்பாலான இலக்கங்கள் எல்லாக் கார்டிலும் ஒன்றாகவே இருந்தன. ஓரிடத்தில் மட்டும் கார்டுக்குக் கார்ட் ஒன்று ஏறியது. குலுக்கி எடுத்ததுபோல் இருந்தவை கடைசி நான்கு இலக்கங்கள்தான். நான்கு இலக்கமென்றால் பத்தாயிரம் வாய்ப்பு. செக்கனுக்கு ஒன்று வீதம் சோதித்தாலும் மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கணினி நிரலுக்கோ சில நிமிட வேலை. அந்த நிரலுக்கு உதவியது கடைகளே வைத்திருந்த ‘மீதி எவ்வளவு என்று பாருங்கள்’ பக்கம். எண்ணைக் கொடுத்தால் உயிரோடிருக்கிறதா, அதில் எவ்வளவு இருக்கிறது என்று அது விடை சொல்லிவிடும். அதே 2017இல் ‘கிஃப்ட்கோஸ்ட்பொட்’ என்று பெயரிடப்பட்ட ஒரு தானியங்கி நிரல் ஆயிரத்துக்குக் கிட்டிய இணையக் கடைகளின் மீதி பார்க்கும் பக்கங்களை இப்படித் தட்டிக்கொண்டிருந்ததை டிஸ்டில் நெட்வேர்க்ஸ் என்ற நிறுவனம் கண்டுபிடித்தது.

எண்ணின் கடைசி இலக்கம் சரியாகப் பொருந்துவதைக் காட்டி, ‘பாருங்கள், உங்களுக்கு விழுந்த பரிசு எண் கணினியில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது’ என்று ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால், அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐபிஎம் நிறுவனத்தின் பொறியியலாளர் ஹான்ஸ் பீற்றர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1960இல் பெற்ற ஒரு கணக்கு இன்றும் கடன் அட்டைகளில் இயங்குகிறது. வலது ஓரத்திலிருந்து இரண்டாவது, நான்காவது என்று ஒன்றுவிட்டொன்றை இரட்டிப்பாக்கு. இரட்டித்தது இரண்டு இலக்கமானால் அவற்றைக் கூட்டு. பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டு. விடை பத்தால் மிச்சமின்றி வகுபட்டால் எண் சரி. 5272 என்று எடுத்துக்கொள்வோம். கடைசி 2 அப்படியே. 7 இரட்டித்து 14, அது 1 கூட்டல் 4 என்று 5. அடுத்த 2 அப்படியே. 5 இரட்டித்து 10, அது 1. மொத்தம் 10. இதையே கை தவறி 5722 என்று அழுத்தினால் கூட்டுத்தொகை 14, எண் பிழை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடித்துவிடுகிற நல்ல கணக்கு. ஆனால் லூன் இதைத் திருடனைப் பிடிக்கச் செய்யவில்லை, கைத்தவறைப் பிடிக்கச் செய்தார். மனம்போன போக்கில் எழுதிய பத்து எண்களில் ஒன்று இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகவே இணையப் பக்கம் ஒன்று ‘எண் சரி’ என்று பச்சை அடையாளம் காட்டினால் அதற்குக் காசுப் பெறுமதி எதுவும் இல்லை.

நிரலால் எண்ணை ஊகிப்பதைவிட எளிதான வழி கடைத் தட்டிலேயே கிடக்கிறது. பணம் ஏற்றாத கார்டுகளுக்குக் காவலில்லை, ஏனென்றால் அவை வெற்றுப் பிளாஸ்டிக். திருடர்கள் அவற்றைக் கட்டாக எடுத்துப்போய், சுரண்டு படையை நீக்கி, எண்ணையும் இரகசிய இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, மறுபடி ஒரு சுரண்டு ஒட்டியை ஒட்டி, உறையை ஒழுங்காக மூடி, தட்டில் திரும்பத் தொங்கவிடுகிறார்கள். அந்த ஒட்டிகள் சுருள் சுருளாக இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பின்பு நிரல் ஒன்று அந்த எண்களின் மீதியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நத்தாருக்கு ஒருவர் அந்தக் கார்டை வாங்கிப் பணம் ஏற்றுகிறார். அவர் வீடு போய்ச் சேருமுன் பணம் போய்விடும். பரிசு கொடுத்தவருக்கு இது தெரியவும் வராது. பரிசு பெற்றவர் வாரங்கள் கழித்துக் கடையில் வெறும் கார்டை நீட்டி நிற்பார். கொடுத்தவர் மனம் நோகுமென்று பலர் திரும்பிச் சொல்வதும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வுப் பிரிவு இதற்காகவே 2023இன் இறுதியில் ‘ரெட் ஹூக்’ என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. மேரிலாந்து மாநிலம் 2024இல் சட்டம் இயற்றி, எண் வெளியே தெரியாத, திறந்தால் கிழிந்து காட்டும் உறையில்தான் இந்தக் கார்டுகளை விற்கவேண்டும் என்றது. 2025 ஜூன் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவிடம் 2023இல் மட்டும் கிஃப்ட் கார்ட், ரீலோட் கார்ட் வழியாக இழந்ததாக மக்கள் முறையிட்ட தொகை 21 கோடி 70 இலட்சம் டொலர். முறையிடாதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

மட்டக்களப்பு நகரத்தின் கடைகளில் இப்படித் தட்டு நிறையக் கார்டுகள் தொங்குவதில்லை. ஆனால் வாவிக்கரையில் பிறந்து ஸ்காபரோவிலோ லண்டன் ஹரோவிலோ வாழ்கிறவர்கள் டிசம்பரில் இந்தத் தட்டுகளின் முன்தான் நிற்கிறார்கள். உறையின் ஓரம் தூக்கியிருக்கிறதா, சுரண்டு படையின் விளிம்பு நகத்தில் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள். அச்சில் வந்த படையைவிட மேலே ஒட்டிய ஒட்டியின் விளிம்பு நன்றாகத் தட்டுப்படும். ஒட்டியிருப்பது தெரிந்தால் காசாளரிடமே கொடுத்துவிடுங்கள், தட்டில் திரும்ப வைக்க வேண்டாம். கடையின் சொந்த இணையத்தளத்திலிருந்து மின்னஞ்சலில் வரும் கார்டை யாரும் முன்கூட்டித் தட்டில் தொட்டிருக்க முடியாது என்பதால் என் எண்ணத்தில் அதுவே மேல். பற்றுச்சீட்டின் படத்தைப் பரிசு பெறுகிறவருக்கும் அனுப்பி, கையோடு செலவழிக்கச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் எண் திருடப்பட்டது. மிகப் பெரிய இழப்புகள் எண்ணை உரியவரே வாய்விட்டுச் சொல்வதால் நேர்கின்றன. வேதியியலும் கணிதமும் அங்கே துணைக்கு வருவதில்லை.

2016 ஒக்டோபர் தொடக்கத்தில் மும்பையை அடுத்த தானே மாவட்டத்தின் மீரா ரோட் பகுதியில் சில அழைப்பு நிலையங்களைப் பொலிஸார் முற்றுகையிட்டார்கள். எழுநூறுக்கு மேற்பட்ட இளைஞர்களைத் தடுத்து விசாரித்து 70 பேரைக் கைது செய்தார்கள். அவர்களின் வேலை, அமெரிக்க வரித் திணைக்கள அதிகாரிபோல் பேசி, வரி பாக்கி இருக்கிறது, அரை மணி நேரத்தில் கட்டாவிட்டால் பொலிஸ் வீட்டுக்கு வரும் என்று மிரட்டுவது. கட்டவேண்டிய முறைதான் விசித்திரம்: கடைக்குப் போய் ஐடியூன்ஸ் கிஃப்ட் கார்ட் வாங்கி, பின்புறம் சுரண்டி, எண்ணைப் போனில் வாசி. இதே பாணியில் அகமதாபாத்திலிருந்து இயங்கிய வலையமைப்புக்கு அமெரிக்காவில் இருந்து உதவிய 21 பேருக்கு 2018 ஜூலையில் அங்கே 20 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கனடாவிலும் வரித் திணைக்களத்தின் பெயரில் இதே அழைப்பு வந்தது. கிஃப்ட் கார்டில் வரி வாங்குவதே இல்லை என்று அந்தத் திணைக்களம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. புதிதாகக் குடியேறியவருக்கு நாட்டின் நடைமுறை தெரியாது, வதிவிட உரிமை போய்விடுமோ என்ற பயம் எப்போதும் இருக்கும். அந்தப் பயத்தைத்தான் அவர்கள் தேடினார்கள்.

எங்கள் பக்கம் இது பயத்தைவிட ஆசையின் வழியாக அதிகம் வந்தது. ‘உங்கள் சிம்முக்குப் பத்து இலட்சம் பரிசு விழுந்திருக்கிறது, பரிசை விடுவிக்க ரீலோட் கார்ட் வாங்கி எண்ணைச் சொல்லுங்கள்’ என்ற அழைப்பைக் கேட்காத ஊர் இலங்கையில் இருக்காது. 2012இல் ஈஸி காஷ் வந்த பிறகு கார்டைச் சுரண்டும் வேலையும் இல்லாமல் போயிற்று. ‘கடையில் போய் இந்த இலக்கத்துக்குக் காசு போடுங்கள்’ என்றார்கள். முதலில் ஐயாயிரம். அதைக் கட்டியதும் வரி என்று பத்தாயிரம். பிறகு முத்திரைச் செலவு. கட்டிய காசு வீணாகக்கூடாதே என்று அடுத்த தொகையையும் கட்டுகிறோம். இதற்கென்று காப்பு அடகு போன வீடுகள் உண்டு.

இவ்வளவு அபத்தமான கதையை ஏன் சொல்கிறார்கள், இன்னும் நம்பும்படி சொல்லலாமே என்று தோன்றும். மைக்ரோசொஃப்ட் ஆய்வுப் பிரிவின் கோர்மக் ஹெர்லி 2012இல் இதற்குக் கணக்குப்படி ஒரு விடை கொடுத்தார். குறுஞ்செய்தியை ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பச் செலவில்லை. பதில் சொல்கிறவரோடு மணிக்கணக்கில் பேசிப் பணம் கறக்கத்தான் செலவு. கதை நம்பும்படி இருந்தால் சந்தேகக்காரர்களும் பதில் போடுவார்கள், நடுவழியில் விலகிக்கொள்வார்கள், பேசிய நேரம் வீண். கதை அபத்தமாக இருந்தால் சந்தேகக்காரர்கள் முதலிலேயே சிரித்துவிட்டு விலகுவார்கள். கடைசிவரை வரக்கூடியவர் மட்டும் மிஞ்சுவார். வாவியில் வலை இழுக்கிறவர் தனக்கு வேண்டிய மீனுக்கு ஏற்ப வலைக்கண்ணின் அளவைத் தெரிந்தெடுப்பதுபோல் இவர்களும் கதையின் தரத்தைத் தெரிந்தெடுக்கிறார்கள். எழுத்துப்பிழையும் பிசகான தமிழும் அந்தக் கண்ணின் அளவு. இப்போது இந்தக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் பேரோடு ஒரே நேரத்தில் பிழையில்லாத தமிழில் உரையாட நிரல்களால் முடிகிறபோது, பேசும் செலவு குறைந்து, நல்ல கதை சொல்வதும் லாபமாகிவிடுகிறது. பிழையான தமிழைக் கண்டு மோசடியை அறியலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், அது இனிப் போதாது.

படித்தவர்களும் விழுகிறார்கள் என்பது பலருக்குப் புரிவதில்லை. பயம், ஆசை, அவசரம் இவற்றின் சூட்டில் நாம் எடுக்கப்போகும் முடிவை ஆறியிருக்கும்போது ஊகிக்க முடியாது என்பதை நடத்தைப் பொருளியல் அறிஞர் ஜோர்ஜ் லோவன்ஸ்டைன் 1990களில் விரிவாக எழுதினார். ‘நானாக இருந்தால் ஏமாந்திருக்கமாட்டேன்’ என்று சொல்கிறவர் ஆறிய மனதோடு சொல்கிறார். அழைத்தவன் அந்தச் சூடு இறங்க விடுவதில்லை. ‘போனை வைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், இன்னும் பத்து நிமிடம்தான்’ என்பவை மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன: பக்கத்தில் இருக்கும் மனிதரை உங்களிடமிருந்து பிரிக்கின்றன. பெருநாள் நெருக்கத்தில் வீட்டில் வேலை தலைக்குமேல் இருக்கும், யாராவது ஏதாவது அனுப்புவார்கள் என்ற எதிர்பார்ப்பும் இருக்கும். ‘உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது’ என்ற ஒரு வரி ஜூலையில் சந்தேகத்தைக் கிளப்பும், டிசம்பரில் சந்தோஷத்தைக் கொடுக்கும்.

அந்தப் பார்சல் வரிதான் இப்போது இங்கே அதிகம் சுற்றுகிறது. அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்தி, முகவரி பிழை, சிறு தொகை கட்டுங்கள் என்று ஓர் இணைப்பைத் தரும். கட்டப் போனால் வங்கி அட்டையின் விவரம் முழுவதும் போகும். திணைக்களம் இதைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரித்திருக்கிறது. இணைய முகவரியை வலமிருந்து இடமாக வாசிக்கப் பழக வேண்டும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருப்பதே உண்மையான உரிமையாளரைச் சொல்லும். இலங்கை அரச நிறுவனங்களின் முகவரி பெரும்பாலும் அந்த இடத்தில் ‘கவ் டொட் எல்கே’ என்று முடியும். அதே எழுத்துக்கள் முகவரியின் தொடக்கத்திலோ நடுவிலோ வந்து, முடிவு ‘டொட் கொம்’ என்றோ ‘டொட் டொப்’ என்றோ இருந்தால் அது வேறு யாருடையதோ. இன்னொரு வகை பேஸ்புக்கில் தொடங்கும். வெளிநாட்டு நண்பர் ஒருவர் சில வாரம் அன்பாகப் பேசி, நகையும் டொலரும் வைத்த பரிசுப் பொதி அனுப்பியதாகச் சொல்வார். அடுத்த நாள் ‘சுங்க அதிகாரி’ அழைத்துத் தீர்வையை ஒரு தனியாளின் வங்கிக் கணக்கில் போடச் சொல்வார். இலங்கைச் சுங்கம் தனியாள் கணக்கில் தீர்வை வாங்குவதில்லை, இதையும் பலமுறை அறிவித்திருக்கிறார்கள்.

வட்ஸ்அப்பைத் திறக்கக் குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்க எண்ணும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதைச் சொன்னால் போவது காசு அல்ல, உங்கள் பெயர். தெரிந்தவர் ஒருவரின் கணக்கிலிருந்து ‘மகள், உங்கட போனுக்கு என்ர கோட் ஒன்று பிழையா வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ’ என்று கேட்கப்படும். அனுப்பிய நிமிடத்தில் உங்கள் வட்ஸ்அப் வேறொரு போனில் திறக்கும். பிறகு உங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் உங்கள் படத்தோடு ‘அவசரம், கொஞ்சம் காசு போடுங்கோ’ என்ற செய்தி போகும். 2024இல் இலங்கையில் இது பரவலாக நடந்தது. வட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, நீங்கள் தெரிந்தெடுத்த இன்னோர் ஆறு இலக்கத்தைப் போட்டுவிட்டால், குறுஞ்செய்தியில் வந்த எண் மட்டும் கிடைத்தவனால் உள்ளே போக முடியாது. இரண்டு நிமிட வேலை. உம்மாவின், அப்பம்மாவின் போனில் பேரப்பிள்ளைகள் இதைச் செய்துகொடுக்க வேண்டும். குரலை நம்புவதும் இனிக் கடினம்: மூன்று செக்கன் ஒலிப்பதிவிலிருந்து ஒருவரின் குரலைப்போல் பேசும் நிரலை மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் விவரித்தார்கள். ஆகவே அவசரக் காசு கேட்கும் யாரிடமும் திருப்பிக் கேட்க, குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை இந்தப் பெருநாளுக்கு ஒன்றுகூடும்போதே பேசி வைத்துக்கொள்ளலாம்.

மறுமுனையில் பேசுகிறவர் எங்கே இருக்கிறார்? 2024 ஜூனில் கொழும்பை அண்டிய பகுதிகளிலும் நீர்கொழும்பிலும் இணைய மோசடியில் ஈடுபட்டதாக 137 இந்தியர்கள் கைதானார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் பல இடங்களில் இருநூறுக்கு மேற்பட்ட சீனர்கள் கைதானார்கள். இதற்கு எதிர்த்திசையில், கணினி வேலை என்று நம்பிப்போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவதி முகாம்களில் அடைபட்டு, அடிக்குப் பயந்து மற்றவர்களை ஏமாற்றும் செய்திகளைத் தட்டச்சு செய்தார்கள். மட்டக்களப்பில் வேலை தேடும் பிள்ளைகளுக்கும் அதே விளம்பரம்தான் போனில் வருகிறது. எண்ணைச் சொல்லாமலிருப்பது பற்றிப் பேசும்போது இந்த வேலைவாய்ப்பு வலையைப் பற்றியும் பள்ளிகளில் பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

எண்ணைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? பேரேட்டில் அந்த வரி ‘செலவானது’ என்று மாறுமுன் அதை நிறுத்த முடியுமா என்பதுதான் பந்தயம், அது நிமிடக் கணக்கில் ஓடும். முதல் அழைப்பு கார்டை வெளியிட்ட கம்பனிக்கு அல்லது வங்கிக்கு. கார்டின் பின்புறத்தில் அச்சிட்ட இலக்கத்துக்கு அழையுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘வாடிக்கையாளர் சேவை’ இலக்கங்களில் போலிகள் இருக்கின்றன. கார்ட், பற்றுச்சீட்டு, வந்த செய்தி, அழைத்த இலக்கம் எதையும் அழிக்க வேண்டாம்; வெட்கத்தில் செய்தியை அழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். இலங்கைச் சேர்ட் என்று அழைக்கப்படும், 2006இல் அமைந்த கணினி அவசரத் தயார்நிலை நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கொடுப்பனவுச் சாதன மோசடிகளுக்கு 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டமும், கணினிக் குற்றங்களுக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமும் நடைமுறையில் இருக்கின்றன. தொகை சிறிது என்று பொலிஸார் தயங்கினாலும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரே போன் இலக்கத்தின்மேல் ஏறாவூரிலும் களுவாஞ்சிக்குடியிலும் வாகரையிலும் மூன்று முறைப்பாடு சேர்ந்தால் அது சிறிய தொகையாக இருக்காது.

வீட்டில் யாராவது ஏமாந்தால் ‘இவ்வளவும் தெரியாதா உங்களுக்கு’ என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் இரண்டாம் தவணையையும் மூன்றாம் தவணையையும் யாருக்கும் சொல்லாமல் கட்டுகிறார்கள்.

இதில் கடைக்காரரின் இடத்தை யாரும் பேசுவதில்லை. அமெரிக்காவில் பெரிய கடைகள் சில, ஒரே தடவையில் பல கார்ட் வாங்கும் முதியவரிடம் யாருக்காக வாங்குகிறீர்கள் என்று கேட்கக் காசாளரைப் பழக்கியிருக்கின்றன. எங்கள் ரீலோட் கடைகளில் அதைவிட நல்ல வசதி இருக்கிறது: கடைக்காரருக்கு ஆளைத் தெரியும். போனைக் காதில் வைத்தபடியே வந்து, பழக்கமில்லாத இலக்கத்துக்குப் பதினையாயிரம் போடச் சொல்லும் அம்மாவிடம், ‘ஆருக்கு அம்மா போடுறீங்க? போனைக் கொஞ்சம் வச்சிட்டுச் சொல்லுங்க’ என்று ஒரு தம்பி கேட்டால், அந்த அரை நிமிடத்தில் அழைத்தவனின் பிடி தளரும். வர்த்தகர் சங்கங்கள் இதைக் கடைக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளலாம், தொலைபேசிக் கம்பனிகள் தங்கள் முகவர்களுக்குக் கட்டாயமாக்கலாம். செலவில்லாத காரியம். வருகிற நத்தாருக்கு முன் புளியந்தீவிலும் காத்தான்குடியிலும் உள்ள கடைகளிலிருந்தே தொடங்கலாம்.